மூக்கு ஒரு பக்கம், பாதை ஒரு பக்கம்: பக்கக்காற்றில் பெரிய விமானம் எப்படி இறங்குகிறது?

ஆனி, ஆடி மாதங்களில் நாகர்கோவிலிலிருந்தோ மார்த்தாண்டத்திலிருந்தோ கார் பிடித்துத் திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குப் போய், வளைகுடாவிலிருந்து வரும் பிள்ளைக்காகக் காத்து நின்றவர்களுக்கு ஒரு காட்சி பழக்கமாக இருக்கும். விமானம் வந்துவிட்டது என்று போனில் தெரியும். அப்புறம் அது திரும்பவும் மேலே ஏறும். கடலின் மேல் ஒரு சுற்று. சில நேரம் அடுத்த முறை இறங்கிவிடும். சில நேரம் "கொச்சிக்குத் திருப்பிவிடப்பட்டது" என்று பலகையில் வந்துவிடும்.

இதோடு வாட்ஸ்அப்பில் சுற்றும் வீடியோக்களும் சேர்ந்துகொள்கின்றன. ஓடுபாதையை நேராகப் பார்க்காமல் கோணலாக, நண்டு நகர்கிற மாதிரி இறங்கி வரும் விமானம். தரையைத் தொடும் கணத்தில் ஒரு வெட்டு வெட்டி நேராகிறது. பார்க்கிறவர்கள் "கட்டுப்பாடு போய்விட்டது, எப்படியோ தப்பித்தார்கள்" என்று நினைக்கிறார்கள். உண்மை வேறு. கோணலாக வருவதுதான் கட்டுப்பாடு. சிக்கல் இருப்பது அந்தக் கோணலை விட்டு நேராக வேண்டிய கடைசிச் சில நொடிகளில்.

முதலில் சில சொற்கள்

விமானத்துக்கு முன்னாலிருந்து வீசுவது எதிர்க்காற்று. பின்னாலிருந்து வீசுவது பின்காற்று. ஓடுபாதைக்குக் குறுக்கே வீசுவது பக்கக்காற்று. நிஜத்தில் காற்று இப்படிச் சுத்தமாகப் பிரிந்து வீசாது, சாய்வாகத்தான் வரும். அதில் குறுக்கே எவ்வளவு, எதிரே எவ்வளவு என்று விமானி பிரித்துக் கணக்கிடுவார்.

வேகத்தை 'நாட்' என்ற அளவில் சொல்வார்கள். ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர். காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறதோ அந்தத் திசையின் பெயர்தான் அதற்கு. வடக்கு 360 டிகிரி, கிழக்கு 90, தெற்கு 180, மேற்கு 270. ஓடுபாதையில் பெரிதாக எழுதியிருக்கும் எண்ணும் திசைதான், கடைசிப் பூஜ்யத்தை விட்டுவிட்டு எழுதியது. 32 என்றால் ஏறக்குறைய 320 டிகிரியைப் பார்த்த பாதை. அதே பாதையை மறுமுனையிலிருந்து பார்த்தால் 14.

நமக்குப் பக்கத்தில் இரண்டு ஓடுபாதைகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் விமான நிலையம் இல்லை. வடமேற்கே திருவனந்தபுரம், வடகிழக்கே தூத்துக்குடி வாகைக்குளம். இந்த இரண்டையும் ஒப்பிட்டாலே பாதி விஷயம் புரிந்துவிடும்.

திருவனந்தபுரத்தின் ஓடுபாதை 14/32. அதாவது கடற்கரை எந்தப் போக்கில் போகிறதோ ஏறக்குறைய அதே போக்கில், வடமேற்கு–தென்கிழக்காகக் கிடக்கிறது. தூத்துக்குடியுடையது 10/28, கிட்டத்தட்ட கிழக்கு–மேற்கு.

தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாயில் புகுந்து வீசுகிற நாளை எடுத்துக்கொள்வோம். நேர் மேற்கிலிருந்து 25 நாட் காற்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1. தூத்துக்குடியில் 28-ல் இறங்கினால் காற்றுக்கும் பாதைக்கும் இடையே 10 டிகிரிதான். குறுக்கே விழுவது சுமார் 4 நாட். மிச்சமெல்லாம் எதிர்க்காற்று. அது விமானிக்கு நல்லது. தரையைத் தொடும் வேகத்தைக் குறைத்துக் கொடுக்கும்.
2. திருவனந்தபுரத்தில் 32-ல் இறங்கினால் இடைவெளி 50 டிகிரி. குறுக்கே சுமார் 19 நாட், எதிரே 16.
3. காற்று இன்னும் தெற்கே ஒதுங்கி 230 டிகிரியிலிருந்து வீசினால், திருவனந்தபுரத்தில் 25 நாட்டும் முழுக்க முழுக்கக் குறுக்கே.

ஒரே காற்று. பாதை எப்படிக் கிடக்கிறது என்பதைப் பொறுத்து ஓரிடத்தில் துணை, இன்னோரிடத்தில் தொல்லை. முப்பந்தலில் நிற்கும் காற்றாலைகள் காற்று திரும்பினால் தாமும் தலையைத் திருப்பிக்கொள்ளும். ஓடுபாதைக்கு அந்த வசதி கிடையாது. அதனால்தான் ஒரு விமான நிலையம் கட்டும் முன்பே பல ஆண்டுக் காற்றுப் பதிவுகளைப் பார்த்துப் பாதையின் திசையை முடிவு செய்கிறார்கள். 1,500 மீட்டரும் அதற்கு மேலும் நீளம் தேவைப்படும் விமானங்களுக்கு, பக்கக்காற்று 20 நாட்டுக்குள் இருக்கும் நேரம் மொத்தத்தில் 95 சதவீதமாவது இருக்க வேண்டும் என்பது சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் பரிந்துரை. மீதி ஐந்து சதவீத நேரம்தான் நாம் வாசலில் காத்துக்கிடக்கிற நேரம்.

காற்று விமானத்தைத் தள்ளுகிறதா?

பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இது. பக்கத்திலிருந்து காற்று அடிக்கிறது, விமானம் அதை எதிர்த்துத் தம் பிடித்துக்கொண்டு பறக்கிறது என்று நினைக்கிறோம். சாலையில் நிற்கும் லாரியின் மேல் காற்று அப்படித்தான் மோதும், ஏனென்றால் அதன் சக்கரம் தரையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பறக்கும் விமானம் எதையும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. அது காற்றுக்குள்ளேயே இருக்கிறது. அந்தக் காற்று மொத்தமாக நகர்ந்தால் விமானமும் அதோடு நகரும்.

குழித்துறையில் ஆற்றில் தண்ணீர் ஓடும்போது நீந்திக் கடந்தவர்களுக்கு இது தெரியும். எதிர்க்கரையில் இருக்கும் படித்துறையை நேராகப் பார்த்து நீந்தினால் கீழே எங்கோ போய் ஏறுவோம். படித்துறையிலேயே ஏற வேண்டுமென்றால் உடம்பை மேல்நோக்கிச் சாய்த்து நீந்த வேண்டும். கரையில் நிற்பவருக்கு நாம் கோணலாக நீந்துவது போலத் தெரியும். தண்ணீருக்குள் இருக்கும் நமக்கு நேராகத்தான் நீந்துகிறோம்.

விமானமும் அதையே செய்கிறது. மூக்கைக் காற்று வரும் பக்கம் கொஞ்சம் திருப்பிக்கொண்டு, ஓடுபாதையின் நடுக்கோட்டின் மேலேயே வருகிறது. விமானிகள் இதை நண்டுக் கோணம் என்ற பொருளில்தான் பெயரிட்டு அழைக்கிறார்கள். காற்று சீராக வீசும்வரை உள்ளே உட்கார்ந்திருக்கும் பயணிக்கு ஒன்றும் தெரியாது. தட்டில் இருக்கும் டீ ஒரு பக்கம் சரியாது.

திருவனந்தபுரத்தின் 32-க்கு வரும் விமானங்கள் தென்கிழக்கிலிருந்து, விழிஞ்ஞம், கோவளம் பக்கமாக வந்து இறங்கும். அந்தக் கோட்டைப் பின்னால் நீட்டினால் நம் கொல்லங்கோடு, தூத்தூர் கரையோரமாக வரும். மேற்குக் காற்று பலமாக இருக்கும் நாளில் அந்தக் கோட்டில் வரும் விமானத்தைக் கீழிருந்து கவனித்தால், அதன் மூக்கு லேசாகக் கடல் பக்கம் திரும்பியிருக்கும். போவதென்னவோ கரையோரமாக நேரேதான்.

கோணம் எவ்வளவு? 140 நாட் வேகத்தில் வரும் விமானத்துக்கு 20 நாட் பக்கக்காற்று என்றால் சுமார் 8 டிகிரி. 60 நாட்டில் வரும் சின்னப் பயிற்சி விமானத்துக்கு 15 நாட் பக்கக்காற்றே 14 டிகிரிக்கு மேல் திருப்ப வைக்கும். வேகமாக வருவதால் பெரிய விமானத்துக்கு இந்த விஷயத்தில் ஒரு சலுகை உண்டு.

கடைசி ஐம்பது அடி

சரி, கோணலாகவே வந்து கோணலாகவே இறங்கினால் என்ன? காற்றில் இருக்கும்வரை கோணம் சரி. சக்கரம் தரையைத் தொட்டதும் கணக்கு மாறிவிடுகிறது. சக்கரம் தான் பார்க்கும் திசையில் உருளத்தான் செய்யப்பட்டது. நூற்றுக்கணக்கான டன் எடை ஒரு பக்கமாகப் போக, சக்கரம் இன்னொரு பக்கம் பார்த்தால், டயரும் அதைத் தாங்கும் காலும் பக்கவாட்டு இழுவையை வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஆகவே தரையை நெருங்கும்போது விமானி இவற்றைச் செய்கிறார். எழுதினால் வரிசை. செய்யும்போது எல்லாம் சேர்ந்தாற்போல்.

1. இறங்கும் வேகத்தைக் குறைக்க மூக்கை மெல்லத் தூக்குகிறார்.
2. காலடியில் இருக்கும் மிதியை அழுத்தி, வால் சுக்கானால் மூக்கை ஓடுபாதைக்கு நேராகத் திருப்புகிறார்.
3. மூக்கு திரும்பும்போது காற்று வரும் பக்கத்து இறக்கை ஒரு கணம் வேகமாக முன்னே வீசும். வேகம் கூடினால் அந்த இறக்கை மேலே எழும். அது எழாமலிருக்கக் கைப்பிடியைக் காற்றுப் பக்கம் சாய்க்கிறார்.
4. நேரானவுடன் விமானம் காற்றோடு சேர்ந்து பாதையை விட்டு ஒதுங்கத் தொடங்கும். அதற்குள் சக்கரம் தரையில் இருக்க வேண்டும்.

இந்த நான்காவதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. மூக்கைத் திருப்பிய கையோடு விமானம் ஒதுங்கிவிடாது. இதுவரை வந்த உந்தம் சில நொடி அதை நடுக்கோட்டில் வைத்திருக்கும். முன்கூட்டியே திருப்பினால் அந்த அவகாசம் காற்றிலேயே தீர்ந்துபோய், விமானம் ஓரத்துக்குப் போய்விடும். தாமதித்தால் கோணலாகவே மோதும்.

இன்னொரு முறையும் உண்டு. மேலேயே மூக்கை நேராக்கி, காற்றுப் பக்கத்து இறக்கையைத் தாழ்த்தி, சறுக்கிக்கொண்டே வருவது. சின்ன விமானங்களில் இதுதான் முதலில் சொல்லித் தரப்படும். பெரிய விமானத்தில் இதைத் தாராளமாகச் செய்ய முடியாது. எஞ்சின்கள் இறக்கைக்குக் கீழே தொங்குகின்றன. கொஞ்சம் அதிகமாகச் சாய்ந்தால் சக்கரத்துக்கு முன் எஞ்சின் உறையோ இறக்கை நுனியோ தரையை உரசும். ஆகவே பெரிய விமானங்களில் பெரும்பாலும் கொஞ்சம் நண்டு, கொஞ்சம் சாய்வு என்று இரண்டையும் கலந்து இறக்குவார்கள்.

கோணலாக இறங்குவதையே முறையாக்கிக்கொண்ட விமானமும் இருக்கிறது. அமெரிக்காவின் பி-52 குண்டுவீச்சு விமானத்தில் சக்கரங்களையே 20 டிகிரி வரை இரு பக்கமும் திருப்பி வைக்கலாம். மூக்கு ஒரு பக்கம் பார்க்க, சக்கரம் மட்டும் பாதையைப் பார்த்து உருளும். பயணிகள் விமானங்களில் அந்த எடையையும் சிக்கலையும் யாரும் சுமக்க விரும்பவில்லை. அவற்றின் கால்கள் ஓரளவு கோணலான தொடுகையைத் தாங்கும் பலத்தோடு செய்யப்படுகின்றன. பின்சக்கரங்கள் எடை மையத்துக்குப் பின்னால் இருப்பதால், கோணலாகத் தொட்டாலும் டயரின் இழுவையே மூக்கைப் பாதைப் பக்கம் திருப்பிவிடும். வீடியோவில் நாம் பார்க்கும் அந்த வெட்டு பல நேரம் இதுதான்.

பெரியதாக இருப்பதன் தனிச் சிக்கல்கள்

எடை அதிகம் என்பதால் காற்று எளிதில் அசைக்காது. இது நன்மை. அதே எடை விமானியின் சொல்லையும் தாமதமாகத்தான் கேட்கும். மிதியை அழுத்தியதும் மூக்கு நகராது. நகரத் தொடங்கியதும் சட்டென்று நிற்காது. எனவே அவர் நடப்பதைப் பார்த்துச் செய்ய முடியாது, நடக்கப்போவதை எதிர்பார்த்துச் செய்ய வேண்டும்.

அடுத்தது நீளம். போயிங் 777-300ஈஆர் விமானத்தின் நீளம் கிட்டத்தட்ட 74 மீட்டர். விமானி உட்காரும் இடத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 30 மீட்டருக்கு மேல் தூரம். 8 டிகிரி கோணத்தில் வரும்போது, பின்சக்கரம் நடுக்கோட்டில் வர வேண்டுமானால், விமானி நடுக்கோட்டை விட்டு நான்கு மீட்டருக்கும் மேல் தள்ளி உட்கார்ந்திருக்க வேண்டும். கண்ணுக்கு நேராகக் கோட்டை வைத்துக்கொண்டு இறக்கினால் சக்கரம் கோட்டில் இருக்காது. 45 மீட்டர் அகலப் பாதையில், சக்கரத் தடமே சுமார் 11 மீட்டர் அகலம் உள்ள விமானத்துக்கு நான்கு மீட்டர் சின்ன விஷயமில்லை.

தொட்டாயிற்று, இனி?

பயணிகள் கைதட்டும் நேரத்தில் விமானிக்கு வேலை முடிந்திருக்காது. விமானத்தின் உயரமான வால், காற்றுத் திசைகாட்டியின் வாலைப் போல, மூக்கைக் காற்றுப் பக்கம் திருப்பப் பார்க்கும். வேகம் இருக்கும்வரை சுக்கான் அதைத் தடுக்கும். வேகம் குறையக் குறையச் சுக்கானின் பிடி தளரும். அதற்குள் முன்சக்கரமும் பிரேக்கும் பொறுப்பை ஏற்க வேண்டும்.

பாதை நனைந்திருந்தால் இந்தக் கைமாற்றம் கடினமாகிறது. நம் பகுதியில் பலத்த காற்றும் மழையும் சேர்ந்தேதான் வரும். தண்ணீர் தேங்கிய பாதையில் டயர் நீரின் மேல் மிதக்கத் தொடங்கும் வேகத்தை, டயர் அழுத்தத்தை வைத்துக் கணிக்கலாம். அழுத்தம் 200 பிஎஸ்ஐ என்றால் அது சுமார் 127 நாட். இறங்கும் வேகம் அதைவிட அதிகம். அதாவது தொட்ட முதல் நொடிகளில் டயருக்குப் பக்கவாட்டுப் பிடி மிகக் குறைவாக இருக்கலாம்.

அந்த நேரத்தில், வேகத்தைக் குறைக்க எஞ்சினின் விசையை முன்பக்கமாகத் திருப்பிவிடும் பின்னுந்தலும் எதிரியாகலாம். மூக்கு காற்றுப் பக்கம் திரும்பியிருக்கும்போது பின்னுந்தலைப் போட்டால், அது விமானத்தை நேர் பின்னால் இழுக்காது. காற்று தள்ளுகிற அதே பக்கமாகச் சாய்த்து இழுக்கும். ஒதுங்குவதை உணர்ந்தால் பின்னுந்தலைக் குறைத்து, பிரேக்கைத் தளர்த்தி, முதலில் கோட்டுக்கு வந்து, பிறகு மறுபடி பிடிக்க வேண்டும். பாதையின் முடிவு நெருங்கிக்கொண்டிருக்கும்போது பிரேக்கை விடச் சொல்வது மனம் ஒப்பாத காரியம். விமானிகளுக்கு இதைத் திரும்பத் திரும்ப சிமுலேட்டரில் பழக்குவது அதனால்தான்.

எத்தனை நாட் வரை இறக்கலாம்?

ஒற்றை எண் கிடையாது. பெரிய விமானம் சான்றிதழ் பெற, குறைந்தது 20 முதல் 25 நாட் பக்கக்காற்றில் பாதுகாப்பாக இறங்கிக் காட்ட வேண்டும். தயாரிப்பாளர்கள் அதற்கும் மேலே போய்ச் சோதிப்பார்கள். காற்றுக்குப் பேர்போன ஐஸ்லாந்தின் கெஃப்லாவிக்குக்கு ஏர்பஸ், போயிங் இரண்டுமே புது விமானங்களைக் கொண்டுபோயிருக்கின்றன. ஏர்பஸ்ஸின் ஏ320-க்குச் செய்து காட்டிய அளவு 33 நாட், வீச்சு, அதாவது திடீரென்று கூடி அடிக்கும் காற்று, 38 நாட் வரை.

"செய்து காட்டிய அளவு" என்றால், சோதனை விமானி அந்த நாளில் கிடைத்த காற்றில் இறக்கிக் காட்டியது என்றுதான் பொருள். அதற்கு மேல் முடியாது என்றும் இல்லை, அதுவரை யாரும் எப்போதும் இறக்கலாம் என்றும் இல்லை. விமான நிறுவனங்கள் தங்கள் வரம்பைத் தனியாக வகுக்கின்றன: நனைந்த பாதைக்குக் குறைவு, அனுபவம் குறைந்த துணை விமானிக்கு இன்னும் குறைவு. "எல்லாம் கம்ப்யூட்டர்தானே இறக்குகிறது" என்பவர்களுக்கு: தானியங்கி இறக்கத்துக்கான பக்கக்காற்று வரம்பு மனிதர் கையால் இறக்குவதைவிடக் குறைவு. ஏ320-ல் 20 நாட். காற்று மோசமான நாளில் கைதான்.

சீரான காற்று ஒன்று, வீச்சு வேறு

வாழை போட்டவர்களுக்கு இந்த வித்தியாசத்தை விளக்க வேண்டியதில்லை. நாள் முழுக்க ஒரே சீராக அடிக்கும் காற்றில் முட்டுக் கொடுத்த வாழை நிற்கும். குலை தள்ளிய மரத்தை ஒடிப்பது திடீரென்று சுழன்று வரும் ஒரு வீச்சு. விமானத்துக்கும் அப்படியே. சீரான 25 நாட்டுக்கு ஒரு கோணத்தை வைத்துக்கொண்டு வரலாம். 15-க்கும் 35-க்கும் இடையே தாவும் காற்றுக்கு எந்தக் கோணத்தை வைப்பது? போதாததற்குத் தரையை நெருங்க நெருங்க மரமும் கட்டடமும் காற்றை உடைத்து, வேகத்தையும் திசையையும் மாற்றிவிடும்.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையை நெருங்கிய நேரம், சென்னையில் இறங்க வந்த ஏ320 விமானம் ஓடுபாதையை ஒட்டி வந்து, ஆடிச் சாய்ந்து, உடனே மேலே எழுந்துபோனதைப் பலரும் வீடியோவில் பார்த்தோம். "நூலிழையில் தப்பியது" என்று தலைப்பிட்டார்கள். விமானி செய்தது பாடப்புத்தகத்தில் உள்ளதைத்தான். கோ-அரவுண்ட் என்பது இறங்குவதை விட்டுவிட்டு முழு விசையோடு மேலே ஏறுவது. சக்கரம் தொட்ட பிறகுகூட, பின்னுந்தலைப் போடாதவரை, ஏறலாம்.

அதைவிட நெருக்கமாகப் போனது 2008 மார்ச் 1 அன்று ஜெர்மனியின் ஹாம்பர்க்கில். எம்மா என்ற புயலில், 47 நாட் வரை வீச்சு இருந்தபோது, 23-ம் பாதையில் இறங்கிய ஏ320-ன் இடது இறக்கை நுனி தரையில் உரசியது. விமானி மேலே ஏறினார். இரண்டாம் முறை காற்றுக்கு அதிகம் நேராக இருந்த 33-ம் பாதையில் இறக்கினார். 137 பேரில் யாருக்கும் காயமில்லை. காற்றுக்குப் பொருந்திய பாதை முதல் முறையே அங்கே இருந்தது என்பதுதான் இதில் என்னை உறுத்தும் விஷயம். திருவனந்தபுரத்தில் அப்படி இரண்டாவது பாதை இல்லை.

ஏறிவிடாத கதையும் உண்டு. 1999 ஆகஸ்ட் 22, ஹாங்காங், சூறாவளி நேரம். எம்டி-11 விமானம் ஒன்று கடைசி ஐம்பது அடியில் வேகமாக இறங்கியது; அதைத் தடுத்து நிறுத்த முடியவில்லை. வலது காலில் மோதி, இறக்கை முறிந்து, தலைகீழாகக் கவிழ்ந்து தீப்பிடித்தது. 315 பேரில் மூன்று பேர் இறந்தார்கள்.

பக்கக்காற்றிலிருந்து தப்பிக்க மறுமுனையிலிருந்து இறங்கலாமே என்று தோன்றும். குறுக்கே விழும் அளவு அப்போதும் அதேதான். எதிர்க்காற்றாக இருந்தது பின்காற்றாக மாறும். தரையைத் தொடும் வேகம் கூடும், நிற்கும் தூரம் நீளும். 2020 ஆகஸ்ட் 7 அன்று கோழிக்கோட்டில் 21 உயிர்களைக் கொண்டுபோன விபத்தில், விமானம் மழையில், பின்காற்றோடுதான் இறங்கியது.

காத்திருப்பவர்களுக்கு

விமானம் கிளம்பும்போதே மாற்று நிலையம் எது என்று எழுதித்தான் கிளம்புகிறது. சேருமிடம்வரை போக, அங்கிருந்து மாற்று நிலையம்வரை போக, அதற்கும் மேலே அரை மணி நேரம் வட்டமிட என்று கணக்கிட்டு எரிபொருள் நிரப்பியிருப்பார்கள். ஒவ்வொரு கோ-அரவுண்டும் அந்தக் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்கிறது. முழு விசையில் ஏறுவதற்கு எரிபொருள் நிறையச் செலவாகும். இன்னொரு முறை முயன்றால் கொச்சிக்குப் போக மிஞ்சுமா என்ற கேள்விக்கு விமானி காற்றிலேயே பதில் சொல்லியாக வேண்டும்.

பலகையில் "கொச்சி" என்று மாறினால் அவர் பதில் சொல்லிவிட்டார் என்று பொருள். பெரும்பாலும் அங்கே எரிபொருள் நிரப்பி, காற்று தணிந்ததும் அதே விமானம் திரும்பி வரும். பணி நேர வரம்பை விமானிகள் தாண்டிவிட்டால் மட்டும் வேறு ஆட்கள் வர வேண்டியிருக்கும். அன்றைக்குத் தாமதம் மணிக்கணக்கில் நீளும். மாவட்டத்திலிருந்து கார் எடுத்துப் போகிறவர்கள் கிளம்பும் முன் விமானத்தின் நிலையோடு காற்றின் திசையையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம். 230-ஐ ஒட்டி 25 நாட், அதோடு வீச்சும் மழையும் என்று இருந்தால், பையில் ஒரு நேரச் சாப்பாடும் எடுத்துக்கொள்ளுங்கள்.